கேள்வி-பதில்: ஆம்பளைக்கு இது ஒரு கவலையா?

கேள்வி: எனக்கு 27 வயது. முன்நெற்றி ஏறிவிட்டது, உச்சியிலும் வழுக்கை தெரிகிறது. தினமும் ஹெல்மெட் போட்டு மணலிக்கு வேலைக்குப் போகிறேன். அதனாலா, போர் தண்ணியாலா, தெரியவில்லை. வெங்காயச் சாறு, ஆன்லைன் எண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கேரம் ஆடக் குனிந்தால் ‘லைட்டை அணைடா, இவன் தலையே போதும்’ என்கிறார்கள். கிளப்புக்குப் போவதை விட்டுவிட்டேன். வீட்டில் பெண் பார்க்கிறார்கள், என் காலேஜ் போட்டோவைத்தான் அனுப்புகிறார்கள். ‘ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு கவலையாடா?’ என்று அண்ணன் திட்டுகிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், புது வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் உங்கள் அண்ணனுக்கு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உடம்பில் டிஹெச்டி என்று இன்னொன்றாக மாறுகிறது. அதைத் தாங்காத முடிவேர்கள் மெல்ல மெல்லச் சுருங்கிப்போகின்றன. ஆம்பளை ஹார்மோன் செய்கிற வேலைக்கு ஆம்பளை கவலைப்படாமல் பக்கத்து வீட்டுக்காரரா படுவார்?

ஹெல்மெட் காரணமில்லை. தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள், மணலி ரோட்டில் வரும் கண்டெய்னர் லாரிக்கு உங்கள் முடியைப் பற்றி அக்கறை கிடையாது. உப்புத் தண்ணி முடியை வறட்டும், உடைக்கும். வேரைச் சுருக்காது. சுருக்கும் என்றால் உங்கள் தெருவே இந்நேரம் மொட்டையாகியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, கேரம் கிளப்பை விட்டுவிட்டதாக நீங்கள் போகிறபோக்கில் சொன்னதுதான். போர்டுக்கு மேல் லைட்டைத் தாழத் தொங்கவிட்டிருப்பார்கள். ஸ்ட்ரைக்கரைக் குறிபார்க்கக் குனிந்தால் உச்சந்தலைதான் முதலில் வெளிச்சத்தில் படும். சுற்றி நிற்கிறவர்கள் சிரிக்க, நீங்களும் கூடச் சிரித்திருப்பீர்கள். சிரிக்காவிட்டால் ‘கோச்சுக்கிட்டான்பா’ என்று இன்னொரு சுற்று சிரிப்பு. குண்டு, கறுப்பு என்று கிண்டலடித்தால் இன்று யாராவது ஒருத்தராவது ‘ஏய், விடு’ என்கிறார். சொட்டை, ஏர்போர்ட் என்றால் தடுக்க ஆளே இல்லை. அதனால் மனுஷன் முதலில் கேரமை விடுகிறான், அப்புறம் கல்யாண வீடு, குரூப் போட்டோ. கடைசியில் சலூன்காரர் பின்னால் கண்ணாடி பிடித்தால் ‘வேணாம்ணே’ என்கிறான். முடி போவதை வெளியில் சொல்லி வருத்தப்பட அனுமதி இல்லாததால் வரும் நஷ்டம் இது. ‘ரஜினியைப் பாருங்கள்’ என்று ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழுக்கையோடு வெளியே வருகிற அவருக்கே கேமரா முன்னால் விக் தேவைப்படுகிறதே.

இந்த வெட்கம்தான் எண்ணெய் விற்கிறவர்களுக்கு மூலதனம். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவன், ராத்திரி போனில் விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தைக் கட்டுகிறான். 2016-இல் சென்னையிலேயே, மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் முடி நடும் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். எங்கே, யாரிடம் தலையைக் கொடுக்கிறோம் என்று விசாரிக்க வேண்டும். உங்கள் வயதில் நட்டாலும், நடாத இடத்தில் கொட்டுவது நிற்காது என்பதையும் விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே? தோல் நோய் ஓ.பி.யில் ஒரு சீட்டு போடுங்கள். புழுவெட்டா, தைராய்டா, ரத்தசோகையா என்று முதலில் பார்த்துவிடுவார்கள். பரம்பரை வழுக்கைதான் என்றால் உருப்படியான மருந்து ஒன்றிரண்டுதான். மினாக்சிடில், முதலில் ரத்தக்கொதிப்புக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு முடி முளைத்ததைப் பார்த்து, தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். தொடங்கிய சில வாரம் இன்னும் அதிகம் கொட்டலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் வந்தது போய்விடும். இன்னொன்று ஃபினாஸ்டிரைடு மாத்திரை. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம், மனச்சோர்வும் வரலாம். ஏற்கெனவே ஆட்களைத் தவிர்த்துக்கொண்டிருக்கிற நீங்கள் இதை மெடிக்கலில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. உங்கள் மனநிலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கமே கெடுகிறது, வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மருந்தே வேண்டாம், ஒட்ட வெட்டிக்கொள்கிறேன் என்றாலும் சரிதான். ஆனால் அந்த லைட் ஜோக் அடிக்கிறவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, ‘எனக்கு இது கஷ்டமா இருக்குடா’ என்று சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் முன்னால் சொன்னால் அதுவும் ஜோக்காகிவிடும்.

கடைசியாக, அந்த காலேஜ் போட்டோ. பெண் வீட்டுக்காரர்கள் நேரில் வரும் நாளில் அந்தப் போட்டோவுக்கும் உங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கப்போவது நீங்கள்தான், உங்கள் வீட்டார் இல்லை. இந்த மாதம் எடுத்ததை அனுப்பச் சொல்லுங்கள். தொப்பி இல்லாமல்.