பெரிய கிளட்ச் போட்டா கியர்பாக்ஸ் தான் அழும்: மசில் கார் டிராக் ரேஸ் கேள்வி பதில்

டிராக் ரேஸ்னா நின்ன இடத்துல இருந்து நேர்கோட்டுல பாயுற ரேஸ். கேக்குறதுக்கு முன்னாடி வண்டி வெயிட், ரியர் கியர் (பின் ஆக்ஸில் கியர் விகிதம்), டயர், லாஞ்ச் ஆர்பிஎம் (கிளம்பும்போது இன்ஜின் சுத்துற வேகம்), இந்த நாலையும் எழுதுங்கன்னு சொல்லியிருந்தேன். பாதி பேர் எழுதல. சரி, ஆரம்பிப்போம்.

கேள்வி: அண்ணா, 1970 செவெல் எஸ்எஸ், 454 எல்எஸ்6 இன்ஜின், மன்சி எம்22 கியர்பாக்ஸ், பின்னாடி 12 போல்ட் ஆக்ஸில் 4.10, ஸ்லிக் டயர் (கோடு இல்லாத ரேஸ் டயர்). நான் உக்காந்தா 3,900 பவுண்ட். ரோட்ல ஓட்டல, ட்ராக் மட்டும் தான். 900 பவுண்ட்-அடி டார்க் (முறுக்கு விசை) தாங்குற ட்வின் டிஸ்க் கிளட்ச் ஒண்ணு கடையில காட்டுறாங்க, வாங்கிடட்டுமா?

பதில்: லாஞ்ச் ஆர்பிஎம் மட்டும் விட்டுட்டீங்க தம்பி, 5,000னு வச்சுக்குறேன்.

கிளட்ச் எவ்வளவு டார்க் பிடிக்கும்ங்கறது சாதா பெருக்கல் தான். உராய்வு எண், உரசுற பக்கம் எத்தனை, பிளேட் அமுக்குற பவுண்ட், டிஸ்க்கோட நடு ரேடியஸ், நாலையும் பெருக்கணும். 11 இன்ச் டிஸ்க்குக்கு நடு ரேடியஸ் சுமாரா 4.4 இன்ச், பிளேட் 2,800 பவுண்ட், ஆர்கானிக் லைனிங்னா (சாதா ரோட் வண்டி உராய்வு பட்டை) உராய்வு எண் 0.28, சிங்கிள் டிஸ்க்குக்கு ரெண்டு பக்கம். பெருக்கி 12ஆல வகுத்தா 575 பவுண்ட்-அடி வருது. எல்எஸ்6க்கு கம்பெனி சொன்னதே 500 தான், அப்ப இதுவே போதுமேன்னு தோணும். ஆனா சூடேறினா 0.28 அப்படியே நிக்காது. 0.2க்கு இறங்கிடுச்சுன்னா அதே கிளட்ச் 410 தான் பிடிக்கும், வழுக்கும், வழுக்க வழுக்க இன்னும் சூடாகும், அப்புறம் கருகின வாசனை தான் மிச்சம். ஆர்கானிக் உங்களுக்கு ஆகாதுன்னு நான் சொல்றது இதுக்காக.

அதுக்காக நேரா 900க்கு தாவிடாதீங்க. 5,000ல பெடல்ல இருந்து காலை டப்புனு எடுத்தா இன்ஜின் டார்க் மட்டுமா போகுது, ஃப்ளைவீல் சுத்தி சேர்த்து வச்சிருக்குற சக்தியும் சேர்ந்துல்ல பாயுது. அந்த நேரத்துல கிளட்ச் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவையும் கியர்பாக்ஸ் தலையில இறக்கிடும். 900ஐ எம்22 முதல் கியர் 2.20ஆல பெருக்கி 4.10ஆல பெருக்குங்க, 8,100 தாண்டுது. 575க்கு அதே கணக்கு போட்டா 5,200 கிட்ட. நடுவுல இருக்குற 2,900ஐ யார் வாங்கிக்கிறது? டயர் சுத்தினா தப்பிச்சீங்க. ஸ்லிக் கவ்விடுச்சுன்னா ஆக்ஸிலோ இன்புட் ஷாஃப்டோ போச்சு. கிளட்ச்ங்கறது ஃப்யூஸ் மாதிரி, ஃப்யூஸுக்கு பதிலா யாராவது கம்பி சொருகுவாங்களா?

உங்களுக்கு லாங் டைப் (லீவரும் சுருள் ஸ்பிரிங்கும் வச்ச) அட்ஜஸ்டபிள் பிளேட் போதும், மெக்லியாட் சாஃப்ட்-லாக் மாதிரி. சின்டர்டு அயர்ன் (இரும்புத் தூளை அழுத்தி சுட்ட) டிஸ்க், ஸ்டீல் ஃப்ளைவீல். அதுல அடிப்படை அழுத்தத்தை நாமளே குறைச்சு வச்சுக்கலாம், லாஞ்ச்ல கொஞ்சம் வழுக்கி விடும், டயர் தாங்கும். அப்புறம் லீவர் நுனியில இருக்குற வெயிட் சுத்துற வேகத்துல அழுத்தத்தை ஏத்தும். 3,000ல இருந்து 6,000க்கு போனா அந்த வெயிட் தர்ற ஃபோர்ஸ் நாலு மடங்கு. ஸ்டார்ட்ல மெத்துனு, மேல போகப்போக இறுக்கம், நமக்கு வேணும்கறது அது தான். முதல் நாள் குறைச்சு வச்சு ஓட்டிப் பாருங்க, மேல் கியர்ல வழுக்குனா வெயிட் ஏத்துங்க, லாஞ்ச்ல ரொம்ப வழுக்குனா ஸ்பிரிங்கை டைட் பண்ணுங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல கை வைக்காதீங்க, எது வேலை செஞ்சுதுன்னே தெரியாம போயிடும்.

கேள்வி: ப்ரோ எந்த கிளட்ச் பெஸ்ட்?

பதில்: எந்த வண்டிக்கு ப்ரோ?

கேள்வி: சார், 1969 கமேரோ இசட்28, 302 இன்ஜின். 6,800ல ரெண்டுல இருந்து மூணு போடும்போது பெடல் தரையோட ஒட்டிக்குது, கொஞ்ச நேரம் கழிச்சு தான் மேல வருது. லிங்கேஜ் எல்லாம் புதுசு.

பதில்: லிங்கேஜ் மேல பழி போடாதீங்க சார், இது டயாஃப்ரம் பிளேட்டோட (நடுவுல விரல் விரலா பிரிஞ்ச வட்டத் தட்டு ஸ்பிரிங் வச்சது) பழைய வியாதி. ஒரு அளவுக்கு மேல அமுக்கினா அந்த ஸ்பிரிங் மையம் தாண்டிடும், அதோட அந்த ஆர்பிஎம்ல சுத்துற வேகமும் சேர்ந்து விரலை உள்ளயே பிடிச்சு வச்சுக்கும். முதல்ல பைசா செலவில்லாம பெடலுக்கு ஒரு ஸ்டாப் வைங்க, கிளட்ச் விடுபட்டதுக்கு அப்புறம் கொஞ்சம் தான் இறங்கணும், தரை வரைக்கும் வேணாம். அதுலயும் சரியாகலன்னா வளைஞ்ச விரல் டயாஃப்ரம் போடுங்க, வேகம் கூடினா அது விரலை திரும்ப தள்ளும். இல்ல லாங் டைப்புக்கு மாறுங்க.

கேள்வி: என் வண்டி கால் மைலுக்கு 12.8 செகண்ட் தான் ஓடுது. ஸ்கேட்டர்ஷீல்ட் (கிளட்ச், ஃப்ளைவீல் வெடிச்சா துண்டை தடுக்குற கவசம்) கட்டாயமா?

பதில்: என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) ரூல்படி கிளட்ச் வண்டி 11.49 செகண்ட் இல்ல அதைவிட வேகமா ஓடினா தான் கட்டாயம், எஸ்எஃப்ஐ (ரேஸ் பாகங்களுக்கு பாதுகாப்பு தரம் வகுக்குற அமைப்பு) முத்திரை போட்ட கிளட்ச்சும் ஃப்ளைவீலும் அதே மாதிரி தான். ஆனா 7,000ல பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் வெடிச்சா அது உங்க டைம் ஸ்லிப்ப பாத்துட்டு வெடிக்காது. ஃப்ளைவீல் இருக்குறது உங்க பாதத்துக்கு நேரா. கம்பெனி ஃப்ளைவீல் வச்சுக்கிட்டு ஸ்லிக் மாட்டுற யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: டிராக் ரேஸர் டான் கார்லிட்ஸ் பாதம் போனதும் கிளட்ச் வெடிச்சு தானே அண்ணா?

பதில்: இல்ல, அது டிரான்ஸ்மிஷன். 1970 மார்ச் 8, கலிஃபோர்னியா லயன்ஸ் ட்ராக். வலது பாதத்துல ஒரு பகுதி போச்சு. அதுக்கப்புறம் தான் இன்ஜினை முதுகுக்கு பின்னாடி தள்ளி வண்டி கட்டினார், மத்தவங்களும் அதே வழிக்கு வந்தாங்க. நம்ம செவெல்ல இன்ஜினை பின்னாடி தள்ள முடியாது, அதனால ஷீல்ட் போடுங்க.

கேள்வி: இவ்வளவு தலைவலி எதுக்கு? ஒரு பவர்கிளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நல்ல டார்க் கன்வர்ட்டர், ட்ரான்ஸ்பிரேக் (கிளம்புற வரைக்கும் கியர்பாக்ஸையே பூட்டி வண்டிய நிறுத்துறது) போட்டா முடிஞ்சுது. இந்த காலத்துல கிளட்ச் எல்லாம் வீண் பிடிவாதம்.

பதில்: பிராக்கெட் ரேஸ்க்குன்னா (நம்ம டைமை முன்னாடியே சொல்லி அதுக்கு ஒட்டி ஓட்டுற ரேஸ்) நீங்க சொல்றது சரி. எல்லா ரன்னும் ஒரே மாதிரி வேணும், ஆட்டோமேட்டிக் அதை தரும். ஆனா "வீண்"னு சொன்னா விட மாட்டேன். டாப் ஃப்யூயல் (டிராக் ரேஸ்ல உச்ச வேக வகை) பாருங்க, அதுல கியர்பாக்ஸே கிடையாது. பல டிஸ்க் கிளட்ச் ஒண்ணு தான், ஸ்டார்ட்ல வேணும்னே வழுக்கி வழுக்கி படிப்படியா பிடிச்சு 1,000 அடிய முடிக்குது.

கேள்வி (அதே ஆள்): டாப் ஃப்யூயல்ல ரன்னுக்கு ரன் கிளட்ச்ச பிரிச்சு மாத்துறாங்க. உங்க செவெல் தம்பி மாத்துவாரா?

பதில்: மாத்த மாட்டார், அவர் வண்டியில அவ்வளவு பவரும் இல்ல. நான் சொல்ல வந்தது வேற. வழுக்கறது குறை இல்லைங்க, எப்ப எவ்வளவு வழுக்கணும்னு நம்ம கையில வச்சிருக்கறது தான் விஷயம். உங்க கன்வர்ட்டரும் அதே வேலைய தான் எண்ணெய்ல பண்ணுது, என்ன, கடைசி கியர்லயும் கொஞ்சம் வழுக்கிக்கிட்டே இருக்கும், கிளட்ச் பிடிச்சா பிடிச்சது தான். ஸ்டாக் மசில் கார் ரேஸுக்கு வந்து பாருங்க, நாலு ஸ்பீட் காரன் சத்தத்துக்கே கூட்டம் எழுந்து நிக்கும். இதோட விடுவோம், மத்தவங்களும் காத்திருக்காங்க.

கேள்வி: 1969 ரோட் ரன்னர், 440 இன்ஜின், ஹெமி ஏ833 கியர்பாக்ஸ். புது டிஸ்க் இன்புட் ஷாஃப்ட்ல ஏறவே மாட்டேங்குது.

பதில்: 383 வண்டிக்கான 23 பல் டிஸ்க் கொடுத்திருப்பாங்க. ஹெமி பாக்ஸுக்கு 18 பல். வாங்குறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்ட எண்ணுங்க. டயாஃப்ரம் பிளேட்னா பெடல் மேல இருக்குற ஓவர்சென்டர் ஸ்பிரிங்கையும் கழட்டிடுங்க, இல்லன்னா பெடல் திரும்ப வராது.

கேள்வி: மஸ்டாங்குக்கு பெஸ்ட் கிளட்ச் எது?

பதில்: மேல நாலு விவரம் கேட்டிருக்கேன்.

கேள்வி: சென்னையில இருந்து கேக்குறேன் அண்ணே, புல்லட்டுக்கு கிளட்ச் பிளேட் எது நல்லா இருக்கும்?

பதில்: தம்பி, அது எண்ணெய்ல ஊறுற கிளட்ச், என் ஏரியா இல்ல. புது பிளேட்ட எண்ணெய்ல ஊறப்போட்டு மாட்டணும்னு மட்டும் தெரியும். நல்ல புல்லட் மெக்கானிக்க பாருங்க.

கேள்வி: டிஸ்க் ஹப் மறுபடி மறுபடி உடையுது சார். மூணு கம்பெனி மாத்திட்டேன், எல்லாமே டூப்ளிகேட்.

பதில்: மூணு கம்பெனியுமா டூப்ளிகேட் விக்குது? பெல்ஹவுசிங்க (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல கிளட்ச்ச மூடுற கூடு) டயல் கேஜ் (நுணுக்கமா விலகல் காட்டுற அளவுமானி) வச்சு அளந்தீங்களா? கேஜ கிராங்க்ல மாட்டி, பெல்ஹவுசிங் நடு ஓட்டைய ஒரு சுத்து சுத்தி பாருங்க. மையம் 0.005 இன்சுக்கு மேல விலகியிருந்தா ஷாஃப்ட் கோணலா நிக்கும், டிஸ்க் ஒவ்வொரு சுத்துக்கும் ஹப்ப மடக்கி மடக்கி உடைக்கும். கேஜ்ல வர்ற மொத்த அளவுல பாதி தான் விலகல், அதை மறந்துடாதீங்க. பெல்ஹவுசிங்க நகர்த்தி மையத்துக்கு கொண்டு வர ஆஃப்செட் டவல் பின் 0.007, 0.014, 0.021 இன்சுன்னு கிடைக்குது. அதை சரி பண்ணாம நாலாவது கிளட்ச் வாங்கினா அதுவும் உடையும்.

கேள்வி: புது ஆர்கானிக் கிளட்ச் மாட்டிட்டு நேரா ட்ராக்குக்கு போலாமா?

பதில்: கூடாது. 500 மைல் ஊருக்குள்ள ஓட்டுங்க. ஹைவேல 500 மைல் ஒரே கியர்ல போனா கணக்குல சேராது, கிளட்ச் பிடிச்சு பிடிச்சு விடணும்.

கேள்வி: 60கள்ல மாட்டின பழைய கிளட்ச் கழட்டினேன், உள்ள ஒரே தூசி. கம்ப்ரசர் காத்துல ஊதிடலாமா?

பதில்: ஊதவே ஊதாதீங்க! அந்த காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணி தெளிச்சு நனைச்சு, நல்ல ரெஸ்பிரேட்டர் மாட்டிக்கிட்டு ஈரத்துணியால துடைங்க, துணிய பையில கட்டி மூடுங்க. அந்த சட்டையோட வீட்டுக்குள்ள போகாதீங்க, சின்ன பசங்க இருந்தா கண்டிப்பா போகாதீங்க.