மூன்று வயது மகளுக்கு எந்தப் பாலர் பள்ளி?

உங்கள் மகளை எங்கே சேர்ப்பது என்று கேட்டீர்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்பதால் முழுநாள் குழந்தைப் பராமரிப்பு நிலையமே தோது. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு மாதம் 300 வெள்ளி வரை அடிப்படை மானியம் உண்டு. கல்வி அமைச்சின் பாலர் பள்ளியில் ஐந்து வயதில்தான் சேர்க்கலாம், தினம் 4 மணி நேரம். ஆனால் அங்கே தமிழ் கட்டாயம் கிடைக்கும். மற்ற இடங்களில் சில சமயம் சீனம் மட்டும்தான், முதலிலேயே கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் கட்டணத்தைவிடத் தமிழ் கிடைப்பதுதான் முக்கியம்.

அப்புறம், நேரில் போய்ப் பாருங்கள். நான் போன ஓர் இடத்தில், காலணி மாட்டத் தெரியாமல் அழுத சிறுவன் பக்கத்தில் தமிழாசிரியை தரையில் உட்கார்ந்து, "வலது கால் எது, காட்டுப்பா" என்று பொறுமையாகக் கேட்டார். அன்றே என் பிள்ளையை அங்கே பதிந்துவிட்டேன்.