எந்த மாவில் ஸ்டார்ட்டர் நன்றாக வளரும்?

கேள்வி: பல மாதங்களாகப் பேணிவரும் சவர்டோ ஸ்டார்ட்டரை (ரொட்டியைப் பொங்கவைக்கப் பயன்படும், மாவும் நீரும் கலந்து புளிக்கவைத்த கலவை) நான்கு ஜாடிகளில் பிரித்து, முறையே மைதா, முழுக்கோதுமை மாவு, ரை என்னும் தானியத்தின் மாவு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை கலந்த மைதா ஆகியவற்றை இட்டுப் பார்த்தேன். முதலில் எழும்பியது ரை. ஆனால் அது பாதி உயரத்திலேயே நின்றுவிட, மைதா இரு மடங்காகப் பொங்கியது. சர்க்கரையால் பெரிய மாற்றம் தெரியவில்லை. அப்படியானால் மைதாவே சிறந்தது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள வேண்டாம். நீங்கள் அளந்த உயரம் நுண்ணுயிர்களின் வளர்ச்சியை மட்டுமல்ல, அவை வெளியிடும் கரியமில வாயுவை மாவு எவ்வளவு பிடித்துவைக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. மைதாவின் குளூட்டன் என்னும் புரதம் வலைபோலப் பின்னி வாயுவைத் தாங்கும்; ரை மாவில் அத்தகைய வலை உருவாவதில்லை. ஆகவே, உச்சத்தைத் தொட எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதே உயரத்தைவிட நம்பத்தக்க அளவுகோல். அதன்படி உங்கள் சோதனையில் முந்தியது ரை மாவுதான்.

அதற்குக் காரணங்கள் உண்டு. ரை மாவில் மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் நொதி சுறுசுறுப்பாக இயங்குகிறது. தவிடு நீக்காத மாவில் தாதுக்களும் மிகுதி. அவை நுண்ணுயிர்களுக்கு உணவாவதோடு, உருவாகும் அமிலத்தின் கடுமையையும் ஓரளவு தணிப்பதால், பாக்டீரியாக்கள் நெடுநேரம் இயங்கி, மொத்தத்தில் கூடுதல் அமிலத்தை உண்டாக்குகின்றன. முழுமாவு ஸ்டார்ட்டர் அதிகமாகப் புளிப்பது இதனால்தான். தவிடு நீரையும் கூடுதலாக உறிஞ்சும்; எனவே சம எடையில் நீர் ஊற்றினாலும் நான்கு ஜாடிகளின் பதமும் ஒன்றாக இருந்திருக்காது. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

சர்க்கரை பயன் தராததில் வியப்பில்லை. மாவிலிருந்தே சர்க்கரை தொடர்ந்து கிடைத்துக்கொண்டிருக்கிறது. தவிர, சவர்டோவில் வாழும் சில லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மால்ட்டோஸை உடைத்து, குளுக்கோஸின் ஒரு பகுதியை வெளியே விட, மால்ட்டோஸை உண்ண இயலாத ஈஸ்ட் வகைகளும் அதைக்கொண்டு வாழ்கின்றன. சர்க்கரையை அளவு மீறிச் சேர்த்தால், அது செல்களிலிருந்து நீரை ஈர்த்து வளர்ச்சியைக் குறைத்துவிடும்.

மீண்டும் சோதிக்கும்போது, எல்லா ஜாடிகளிலும் ஒரே எடையில் பழைய ஸ்டார்ட்டரை எடுத்து, ஒரே வெப்பநிலையில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வாருங்கள்.

கேள்வி: புதிதாகத் தொடங்கிய ஸ்டார்ட்டர் இரண்டாம் நாள் பொங்கி, பின்னர் அடங்கிவிட்டது. அன்னாசிச் சாறு சேர்க்கலாமா?

பதில்: முதல் பொங்கல் பெரும்பாலும் ஈஸ்டின் வேலையன்று, லூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் எழுப்பும் வாயு அது. புளிப்பு ஏறியதும் அவை ஒடுங்கிவிடும். தொடக்க நாள்களில் நீருக்குப் பதிலாகச் சாறு ஊற்றினால், அதன் அமிலம் அவற்றை முன்னதாகவே அடக்கும். உங்கள் ஸ்டார்ட்டர் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டதால் இப்போது சாறு தேவையில்லை. முழுமாவும் நீரும் இட்டு, சில நாள் பொறுத்திருங்கள்.