நிலநடுக்கம் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

மன்னார்குடியிலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

"நம்ம பக்கம் நிலம் ஆடியே பார்த்ததில்லையே, இதைப் படித்து என் மகள் என்ன செய்வாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தில் கடல் ஏறியதற்குக் காரணம், சுமத்ரா அருகே கடலடியில் வந்த நிலநடுக்கம். அது அங்கே நடந்து, அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கரையில் இருந்தவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. இன்று ஹைதராபாத்தில் அதற்கென ஒரு எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. உங்கள் மகள் கேட்கும் படிப்புக்கு அங்கே வேலை இருக்கிறது.

ஒன்றை அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிலநடுக்கம் என்று வரும் என நாள் குறிக்க இன்றுவரை யாராலும் முடியாது. வந்த சில நிமிடங்களில் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு பெரிதாக வந்தது என்று கணக்கிடுவதுதான் வேலை. பாறை முறியும்போது கிளம்பும் முதன்மை அலை நொடிக்குச் சுமார் 6 கி.மீ. ஓடும், இரண்டாம் அலை சுமார் 3.5 கி.மீ. கருவியில் இரண்டும் 10 நொடி இடைவெளியில் பதிவானால், நிலநடுக்கம் வந்த இடம் அந்தக் கருவியிலிருந்து 80 கி.மீ.க்குச் சற்று மேல். இப்படி மூன்று நிலையங்களின் தூரம் தெரிந்தால் இடம் பிடிபட்டுவிடும். முழுக்கக் கணக்கும் இயற்பியலும்தான்.

அதனால் "நிலநடுக்கம்" என்ற பெயரில் பட்டப்படிப்பு தேடி அலையாதீர்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கிடைத்தாலே போதும். திருச்சி நேஷனல் கல்லூரியில் நிலவியல் உண்டு, நல்ல படிப்புதான். ஆனாலும் இவள் ஆசைக்கு நான் இயற்பியலையே சொல்வேன். பிறகு எம்.எஸ்சி. புவி இயற்பியல்: உஸ்மானியா, ஆந்திரா பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, ஐஐடி என்றால் ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களும் புவி இயற்பியலாளர் பணிக்கு எழுதலாம். அந்த வழி தவறினாலும் இயற்பியல் ஆசிரியர் பணி கைவிடாது.

இடங்கள் குறைவு, வெளிமாநிலம் போக வேண்டிவரும், முதுகலை இல்லாமல் நகராது. இதை மறைத்துப் பேசுவது சரியல்ல. நம் வயல்களுக்கு அடியில் எண்ணெய் தேடியதும் இதே அலைக் கணக்குதான். அந்த வேலைக்குப் போவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் அலைகள் பாடம் அவளுக்குப் பிடித்திருந்ததா என்று கேளுங்கள். கணக்கு கசக்கிறது என்றால் மறுபடி எழுதுங்கள், நிலவியல் வழியைப் பேசுவோம்.