பூப்படமும் எடிட்டிங்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வெயிலில் எடுத்த சிவப்பு டூலிப் படத்துக்கு சாச்சுரேஷன் (நிறத்தின் செறிவு) கூட்டினேன். பூ முழுக்க ஒரே சிவப்புத் திட்டாகிவிட்டது. இதழ் மடிப்பே தெரியவில்லை. கேமராவில் கோளாறா?

பதில்: கேமராவில் ஒன்றும் இல்லை. ஜேபெக் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. வெயில் பட்ட சிவப்புப் பூவில் சிவப்பு எண் முதலில் போய் 255-ல் முட்டிக்கொள்ளும். இதழின் நரம்பு, மடிப்பு, நிழல் எல்லாமே பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம்தானே? எல்லாப் புள்ளியும் 255 என்றால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? சாச்சுரேஷன் கூட்டும்போது மிச்சமிருக்கும் பச்சையும் நீலமும் 0 பக்கம் தள்ளப்படுகின்றன. மேலேயும் அடைத்தாயிற்று, கீழேயும் அடைத்தாயிற்று.

ஆகவே எதிர்த்திசையில் போங்கள். நிறங்களைத் தனித்தனியாக மாற்றும் பகுதிக்குப் போய், சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, முதலில் அதன் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பிறகு அதன் சாச்சுரேஷனையும் குறையுங்கள். பூ வெளிறிவிடுமோ என்று பயம் வரும். ஆனால் நரம்புகள் மேலெழும்போது அதே சிவப்பு முன்பைவிட ஆழமாகத் தெரியும். எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். பார்க்கப் பார்க்க இதழுக்கு உடம்பு வரும்.

ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) எடுத்திருந்தால் இன்னும் வசதி. 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு, ஜேபெக்கில் 256-தான். ஆனால் எடுக்கும்போதே முட்டி நின்றுபோன நிறத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. அடுத்த முறை எக்ஸ்போஷரை (கேமரா பதியும் ஒளியின் அளவை) முக்கால் ஸ்டாப் போலக் குறைத்து எடுங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும். ஹிஸ்டோகிராமில் (எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் படத்தில்) வெள்ளை வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம், சிவப்பு வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள். பல நிறப் பூக்கள் கலந்த பாத்தி என்றால் சாச்சுரேஷனைத் தொடாமல் வைப்ரன்ஸ் ஸ்லைடரைப் பயன்படுத்துங்கள். மங்கலான நிறங்களைத்தான் அது அதிகம் தூக்கும், ஏற்கெனவே அடர்ந்தவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

கேள்வி: சில பூப்படங்களில் கனவு போல ஒரு ஒளி பரவியிருக்கிறதே, அது எப்படி?

பதில்: அதற்கு ஆர்ட்டன் எஃபெக்ட் என்று பெயர். கனடாவின் புகைப்படக் கலைஞர் மைக்கேல் ஆர்ட்டன் 1980-களில் ஸ்லைடு ஃபிலிமில் (ஒளி ஊடுருவிப் பார்க்கும் ஃபிலிமில்) செய்துகாட்டியது. ஒரே காட்சியைத் தெளிவாக ஒன்றும், ஃபோகஸ் கலைத்து ஒன்றுமாக எடுத்து, இரண்டு ஃபிலிமையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். ஒளி இரண்டு ஃபிலிமைத் தாண்டி வருவதால் படம் இருண்டுவிடும் அல்லவா? அதனால் இரண்டையுமே தேவைக்கு மேல் வெளிச்சமாக எடுத்துக்கொண்டார்.

நீங்கள் எடிட்டிங் மென்பொருளில் லேயரில் (படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்களில்) செய்யலாம். முதலில் படத்தை நன்றாக வெளிச்சமாக்குங்கள். அதன் நகலை மேலே வைத்து, காஸியன் பிளர் (தெளிவைக் கலைக்கும் கருவி) கொடுத்து, பிளெண்டிங் முறையை (மேல் லேயர் கீழ் லேயரோடு கலக்கும் விதத்தை) மல்டிப்ளை என்று மாற்றுங்கள். இரண்டு ஃபிலிமை அடுக்கியதற்கு நிகரான கணக்கு அதுதான். 6000 புள்ளி அகலமுள்ள படத்துக்கு 30 புள்ளி பிளர் அளவாக இருக்கும். 1500 புள்ளிப் படத்தில் அதே 30 பூவைக் கரைத்துவிடும். கடைசியில் மேல் லேயரின் அடர்த்தியை 50 சதவீதத்துக்கும் கீழே இறக்குங்கள்.

எல்லாப் பூவுக்கும் இது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. பின்னாலிருந்து ஒளி விழும் செர்ரிப் பூங்கொத்துக்கு அற்புதமாக அமையும். டாஃபடிலுக்கு அழகே நடுவில் இருக்கும் குழலின் சுருக்க விளிம்புதான், அதைப் பிளர் தின்றுவிடும். அப்படிப்பட்ட பூவில் மாஸ்க் போட்டு (மேல் லேயரை அந்த இடத்தில் மட்டும் மறைத்து), குழலையும் மகரந்தத் தாள்களையும் தெளிவாகவே விட்டுவிடுங்கள்.

கேள்வி: கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன.

பதில்: சாச்சுரேஷனை 0 ஆக்கி மாற்றியிருப்பீர்கள். கறுப்பு வெள்ளைக்கென்று தனிக் கருவி இருக்கும், அதைத் திறங்கள். சிவப்பைக் கூட்டிப் பச்சையைக் குறைத்தால் பூ வெளுத்து, இலை இருளும். மாற்றிச் செய்தால் பூ கறுத்து, இலை ஒளிரும். ஃபிலிம் காலத்தில் லென்ஸ் முன்னால் சிவப்பு, பச்சைக் கண்ணாடி மாட்டியதும் இதற்காகத்தான். இரண்டையும் செய்துபாருங்கள். பூ ஒன்றுதான், ஆனால் முகம் வேறாகிவிடும்.

கேள்வி: நீலப் பூக்கள் என் படத்தில் ஊதாவாக வருகின்றன. ஒயிட் பேலன்ஸை (படம் முழுவதின் நிறச் சமநிலையை) மாற்றினால் இலை கெட்டுவிடுகிறது.

பதில்: ஒயிட் பேலன்ஸை விட்டுவிடுங்கள். சில நீல இதழ்கள் அடர்சிவப்பு ஒளியையும் நிறையத் திருப்பி அனுப்புகின்றன. நம் கண் அதை அதிகம் உணர்வதில்லை, கேமரா சென்சார் உணர்ந்துவிடுகிறது. ஊதாவின் ஹியூ (நிறச்சாயல்) ஸ்லைடரை மட்டும் நீலம் பக்கம் நகர்த்தினால் போதும்.

கேள்வி: இப்படி மாற்றுவது பொய் சொல்வது ஆகாதா?

பதில்: ஆகாது என்றே நினைக்கிறேன். 1843-ல் இங்கிலாந்தின் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை சயனோடைப் (வெயிலில் நீலப் படம் பதியும் பழைய) முறையில் பதிந்தபோது எல்லாமே ஆழ்ந்த நீலப் பின்னணியில் வெள்ளை உருவமாக வந்தன. கடலில் எந்தப் பாசியும் அப்படி இருப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு இழையின் வடிவமும் உண்மை. பூவில் எதை மாற்றினாலும் எதைக் காப்பாற்றுகிறோம் என்று முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள். செடியின் பெயரைக் கண்டுபிடிக்க யாருக்காவது அனுப்பும் படம் என்றால் மட்டும், நிறத்தைத் தொடாத மூலப்படத்தையே அனுப்புங்கள்.