அசல் கைத்தறிதானா, எப்படி அறிவது?

கேள்வி: மல்லாவிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கிழமையில் ஐந்து நாளும் சேலைதான். கிளிநொச்சிக் கடையொன்றில் 'அசல் கைத்தறி, சுற்றாடலுக்கு உகந்தது' என்று 7,500 ரூபாவுக்குப் பருத்திச் சேலை ஒன்று காட்டினார்கள். 2,500 ரூபாவுக்கும் பார்வைக்கு அதே மாதிரி ஒன்று இருக்கிறது. எதை வாங்க?

பதில்: தங்கச்சி, முதலில் இரண்டிலும் முந்தானைத் தும்பில் இரண்டு நூல் கேட்டு வாங்குங்கள். ஒன்றை வெளியே கொண்டுபோய்க் கொளுத்துங்கள். பருத்தியென்றால் கடதாசி எரிந்த மணம் வரும், சாம்பல் தொட்டதும் உதிரும். பொலியெஸ்டர் உருகி மணிபோல இறுகிவிடும். ரயோனும் பருத்தி மாதிரியே எரியும். அதனால் மற்ற நூலை நனைத்து இழுங்கள். ரயோன் ஈரத்தில் லேசாக அறுந்துவிடும், பருத்தி தாங்கும்.

சரி, நூல் பருத்திதான். தறி? விசைத்தறியிலும் பருத்தி நெய்கிறார்களே. அதற்குக் கரையைப் பாருங்கள். நெய்யும்போது துணி ஒடுங்காமல் இழுத்துப் பிடித்த ஊசித்துளைகள் இரு பக்கமும் தெரியும். விசைத்தறித் துணியிலும் துளை வரும், ஆனால் ஒரே சீராக ஓடும். கைத்தறியில் கரை சற்று நெளியும், ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓரிடத்தில் நெருங்கி இன்னோரிடத்தில் இளகும். அதைப் பழுதென்று சொல்லி விலை குறைக்கக் கேட்காதீர்கள். பாவு, அதாவது நெடுக்கு நூல், ஓட்டும் வேலை போக, சாதாரணச் சேலைக்கே ஒருவர் நாள்கணக்கில் தறியில் இருந்திருப்பார். கைத்தறிதான் என்றால் 7,500 நியாயமான விலை என்பேன்.

'எங்கே நெய்தது?' என்றும் கேளுங்கள். மருதமுனையோ, நம் பக்கத்து நெசவு நிலையமோ, தெரிந்து வாங்கி விற்பவர் உடனே சொல்வார். நிலையத்துக்கே போய்த் தறியில் பார்த்து வாங்க முடிந்தால் இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை, காசும் நேரே நெய்தவர்களிடம் போகும்.

2,500 ரூபாச் சேலை பருத்தியென்றால் தாராளமாக வாங்குங்கள். பொலியெஸ்டர் என்றால் வேண்டாம். வன்னி வெயிலில் உடம்பு அவியும், தோய்க்கும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் இழை தண்ணீரில் கழரும்.

பற்றுச்சீட்டில் 'கைத்தறி, பருத்தி' என்று எழுதி வாங்குங்கள். பொய்யென்று தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். அப்புறம், முதல் தோய்ப்பு தனியாக, பச்சைத் தண்ணீரில். உட்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள்.