ஸ்டென்ட் வைத்த பிறகு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி (குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பை விரிப்பது) செய்து ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள். என்ன சிக்கல் வரலாம்? அடுத்த மாதம் பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. அதற்காக, ஸ்டென்டில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யும்போது பெரிய சிக்கல்கள் அபூர்வம். ரத்தக்குழாய் கிழிந்து அவசரமாக பைபாஸ் செய்யும் நிலை 100 பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. அதிகம் பார்ப்பது, மணிக்கட்டு அல்லது தொடை வழியாக டியூப் நுழைத்த இடத்தில் வரும் ரத்தக்கசிவைத்தான். மணிக்கட்டில் கன்றிப்போய் நீலம் பாரித்தால் பயம் வேண்டாம், தானே மறையும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்து வெளுத்தாலோ உடனே காட்டுங்கள். தொடை வழியாகச் செய்தவருக்கு முதுகுவலியோடு தலைசுற்றலும் வியர்வையும் வந்தால், வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே ரத்தம் கசியலாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். ரத்தக்குழாய் எக்ஸ்ரே படத்தில் தெரியச் செலுத்தும் மருந்து அதைப் பாதிக்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை முன்னதாகவே பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, பல் விஷயத்துக்கு வருவோம். நான் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான். ஸ்டென்ட் என்பது உலோக வலை. அதன்மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும்வரை ரத்தம் அதில் உறைய வாய்ப்பு உண்டு. திடீரென்று உறைந்து அடைத்தால் பெரிய மாரடைப்பு, உயிரே போகலாம். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோகிரல் போன்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்துத் தருகிறோம். பொதுவாக 6 மாதம், மாரடைப்பு வந்தவருக்கு 12 மாதம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவர் குறைத்துத் தருவார். அது அவர் முடிவு. முதல் மாதம்தான் மிக ஆபத்தானது. ‘ஒரு வாரம்தானே’ என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் இரண்டு மாத்திரைகளும் ஓடும்போதே பல்லைப் பிடுங்கலாம், பஞ்சு வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும். முடிந்தால் ஸ்டென்டுக்கு முன்பே பல் வேலையை முடித்துவிடுங்கள்.

மாதங்கள் கழித்து நடக்கும்போது பழைய நெஞ்சு இறுக்கம் திரும்பினால் ஸ்டென்டுக்குள் மெல்ல மீண்டும் அடைத்திருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும்கூட வரும்.